மென்திறன் என்றால் இங்கிலீஷும் டையும்தானா?

போன வருடம் விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தப் போயிருந்தேன். உண்மையான இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு ஒத்திகை, அவ்வளவுதான். ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் கழித்துத்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான் என்பது அவன் கொடுத்த பயோடேட்டாவில் தெரிந்தது.

"நடுவுல ஒரு வருஷம் என்னப்பா செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல சார். சும்மாதான் இருந்தேன்."

கண் தரையில். என் பக்கத்தில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தவர் தன்னம்பிக்கைக்கு ஐந்துக்கு இரண்டு, கம்யூனிகேஷனுக்கு இரண்டு என்று போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

டீ குடிக்கும்போது அவனிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அந்த ஒரு வருடமும் மாமாவோடு பந்தல், சவுண்ட் சர்வீஸ் வேலை பார்த்திருக்கிறான். முகூர்த்த நாளில் ஒரே சமயத்தில் மூன்று மண்டபம். ஒரு கல்யாணத்தில் விடிகாலை நாலு மணிக்கு கரண்ட் போய், ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. பெண் வீட்டார் ஒரு பக்கம் சத்தம் போடுகிறார்கள், மண்டப மேனேஜர் போனை எடுக்கவில்லை, மாமா வேறு ஊரில் இருக்கிறார். இவன் மேடைக்கு எமர்ஜென்சி லைட்டை வாங்கி வைத்துவிட்டு, நாதஸ்வரக்காரரை மைக் இல்லாமலே வாசிக்கச் சொல்லிக் கெஞ்சி, அடுத்த ஊர் மண்டபத்தில் சும்மா நின்ற ஜெனரேட்டரை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து, வாடகையை ரெண்டு நாள் கழித்துத் தருவதாகப் பேசி முடித்திருக்கிறான். வயது பதினெட்டு.

"இதை ஏன்டா உள்ள சொல்லல?"

"அது வேலைதானே சார். அதைப் போய் இன்டர்வியூல சொல்லுவாங்களா?"

வேலைக்கான இன்டர்வியூவில் வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. சாஃப்ட் ஸ்கில்ஸ் என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அதை எவ்வளவு தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால்தான் இதை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

சொல் எங்கிருந்து வந்தது

இந்தச் சொல்லைப் பரப்பியவர்கள் கம்பெனிக்காரர்கள் என்று நினைப்போம். உண்மையில் அது அமெரிக்க ராணுவத்தில் பிறந்த சொல். டாங்கி ஓட்டவும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் சொல்லிக்கொடுப்பதற்கு அவர்களிடம் நல்ல முறை இருந்தது. ஆனால் ஒரு அதிகாரி தன் ஆட்களை எப்படி நடத்துகிறார், தகவலை எப்படிக் கடத்துகிறார் என்பதைப் பயிற்சியாக மாற்றத் தெரியவில்லை. 1972-இல் இதற்கென்றே டெக்சாஸில் ஒரு மாநாடு கூட்டினார்கள். இயந்திரத்தோடு பழகுவது ஹார்ட், இயந்திரம் இல்லாத மற்றதெல்லாம் சாஃப்ட், இதுதான் அவர்கள் போட்ட கோடு. 'மென்மை' என்ற சொல்லுக்கு இங்கே பணிவு என்றோ இனிமையாகப் பேசுவது என்றோ அர்த்தமில்லை. இரும்பு இல்லை, அவ்வளவுதான்.

தமிழில் மென்திறன் என்கிறோம். ஒரு வேலையின் தொழில்நுட்பப் பகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற பழக்கங்கள், அதாவது மனிதர்களோடும் நேரத்தோடும் நம் சொந்தக் கோபதாபத்தோடும் மல்லுக்கட்டாமல் வேலையை முடித்துக்கொடுக்கும் பழக்கங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாயின்ட் உறுதியாக இருப்பது தொழில்திறன். கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது என்று அது தீர்வதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் சொல்வது, டிராயிங் புரியாதபோது புரிந்ததுபோலத் தலையாட்டாமல் கேட்பது, யாரோ செய்த தப்புக்குத் திட்டு விழும்போது கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போகாமல் இருப்பது, இதெல்லாம் மென்திறன்.

அப்போ இங்கிலீஷ்? கால் சென்டர் வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அதுதான் தொழில்திறன். வெல்டருக்கு டார்ச் மாதிரி. டை கட்டுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நம்ம ஊர் வெயிலில் அதைக் கண்டுபிடித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

பந்தியில் உட்காரத் தெரிவது

சரி, இந்தப் பழக்கங்கள் எப்படி வருகின்றன? கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று எழக் கூடாது, கல்யாண வீட்டில் இலையை நம்மைப் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். இதற்கெல்லாம் யாராவது வகுப்பு எடுத்தார்களா? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூறு பந்தி பார்த்ததில் தானாகவே வந்துவிட்டது. இதே பந்தியில் ஒரு வெளிநாட்டுக்காரரை உட்காரவைத்தால் அவர் எவ்வளவு படித்திருந்தாலும் ரசம் வரும்போது திணறத்தான் செய்வார். அதற்காக அவரைத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று நாம் மார்க் போடுவதில்லை.

அலுவலகமும் ஒரு பந்திதான், அங்கேயும் எழுதாத விதிகள் உண்டு. அப்பா வங்கியிலோ அம்மா தாலுகா ஆபீஸிலோ வேலை பார்க்கிற வீட்டில், ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்கிறார்கள். "மேனேஜர்கிட்ட நேராப் போய் நிக்காதே, முதல்ல மெயில் போடு", "லீவு வேணும்னா முந்தின நாளே சொல்லிடணும்" என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் இருந்து வந்த வீட்டுப் பிள்ளைக்கு, இதைச் சொல்ல ஆளில்லை. பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் இதற்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயர் வைத்தார். காசு போலவே வீட்டிலிருந்து கைமாறி வரும் ஆனால் கண்ணுக்குத் தெரியாத சொத்து. கையில் இருப்பவர்களுக்கு அது சொத்து என்றே தெரியாது, பிறவிக் குணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பந்தியைச் சும்மா உதாரணத்துக்காக இழுக்கவில்லை. நம் ஊரில் யாரைப் பந்தியில் உட்காரவைத்தார்கள், யாருக்கு வெளியே இலை போட்டார்கள் என்பதும் அந்த உதாரணத்துக்குள்ளேயே இருக்கிறது.

இதுவரை வந்தது: மென்திறன் பிறவிக் குணம் இல்லை, இங்கிலீஷும் இல்லை. பார்த்துப் பழகி வருவது. பார்க்க இடம் கிடைத்தவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது.

படிப்பு போதாதா?

படிப்பும் மார்க்கும் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. அமெரிக்காவில் ஜிஇடி என்று ஒரு பரீட்சை உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அதை எழுதிப் பாஸானால் பள்ளிப் படிப்பை முடித்ததற்குச் சமம். 2000-இல் பொருளாதார நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன் இவர்களைப் பல வருடம் ஆராய்ந்தார். பாடத் தேர்வில் இவர்களும், ஒழுங்காகப் பள்ளியை முடித்து அதோடு நின்றவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மதிப்பெண்தான் வாங்கினார்கள். ஆனால் வேலையில் நிலைப்பதிலும் சம்பாதிப்பதிலும் ஜிஇடிக்காரர்கள் பின்தங்கினார்கள். வேலையை விட்டார்கள், கல்லூரியை விட்டார்கள், ராணுவத்தில் சேர்ந்தவர்கள் அதையும் விட்டார்கள். பரீட்சையால் அளக்க முடியாத ஏதோ ஒன்று சம்பளத்தைத் தீர்மானிக்கிறது என்று ஹெக்மன் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, ஏழைப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சி இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. ஏன் என்றால்,

ஒரு பஸ்ஸின் கதை

நேரந்தவறாமை. எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருப்பது. நாங்கள் நடத்தும் மென்திறன் பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணின் ஊரிலிருந்து காலையில் ஒரே ஒரு டவுன் பஸ், ஆறே முக்காலுக்கு. அதை விட்டால் அடுத்தது ஒன்பதரை. அவள் நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு கட்டி, அந்த ஆறே முக்கால் பஸ்ஸை வாரத்தில் ஐந்து நாள் பிடிக்கிறாள். ஆறாவது நாள் தண்ணீர் லேட்டாக வருகிறது, பஸ் போய்விடுகிறது, வகுப்புக்கு வரும்போது மணி பத்தரை. ரெஜிஸ்டரில் 'லேட்'. டவுனில் இருக்கும் இன்னொரு பெண் எட்டே முக்காலுக்கு எழுந்து, அண்ணன் பைக்கில் ஒன்பதே காலுக்கு வந்து இறங்குகிறாள். அவள் 'பங்சுவல்'.

இந்த இருவரில் யாருக்கு நேரத்தை நிர்வகிக்கும் திறன் அதிகம்? வசதி உள்ள இடத்தில் ஒரு தப்பு நடந்தால் அதைத் தாங்கிக்கொள்ள இன்னொரு வழி இருக்கும், ஆட்டோ இருக்கும், அண்ணன் இருப்பார். இல்லாத இடத்தில் சின்னத் தப்பும் நேராக ரெஜிஸ்டருக்குப் போய்விடுகிறது. நாம் குணத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பல சமயம் பஸ் வசதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளின் பயோடேட்டாவில் இருக்கும் போன் நம்பர் அவர்களுடையதாக இருக்காது. அப்பாவுடையது, இல்லை அண்ணனுடையது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் அண்ணன் எடுத்து "யாரு நீ? எதுக்குக் கேக்கறே?" என்பான். அங்கே அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 'நாட் இன்டரஸ்டட்' என்று எழுதிவிடுவார்கள். கம்யூனிகேஷன் வகுப்பு எத்தனை நடத்தினாலும் இது தீராது, வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அண்ணனிடமும் பேசினால்தான் தீரும்.

ஆக, மென்திறன் இல்லை என்று நாம் ஒதுக்குகிற இடத்தில் மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. சில பழக்கங்கள் உண்மையாகவே பழகப்படாமல் இருக்கலாம். திறன் இருந்தும் அதை எதிராளிக்குப் புரிகிற பாஷையில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், நம் பந்தல் பையன் மாதிரி. இல்லையென்றால் பஸ், போன், பணம். மூன்றுக்கும் மருந்து வேறு.

வகுப்பில் என்ன நடக்க வேண்டும்

தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காக மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, ஐடிஐ பாடத்திட்டத்தில் உள்ள எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்று இதற்கு இடம் கொடுத்த ஏற்பாடுகள் நிறையவே இருக்கின்றன. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புரொஜெக்டரைப் போட்டு 'தலைமைப் பண்பின் ஏழு தூண்கள்' என்று ஒரு மணி நேரம் பேசினால் பிள்ளைகள் ஏழையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் கேட்டால் சொல்லவும் செய்வார்கள்.

பழக்கம் பழகித்தான் வரும். அதற்கு இரண்டு வேண்டும்: தப்புச் செய்தால் நஷ்டமில்லாத ஒத்திகை, அதன் கூடவே பின்னூட்டம். பின்னூட்டம் என்பது ஒருவர் செய்ததைப் பார்த்துவிட்டு எது சரியாக வந்தது, எதை மாற்றலாம் என்று உடனே, குறிப்பாகச் சொல்வது. "இன்னும் கான்ஃபிடன்டா பேசுப்பா" என்பது பின்னூட்டம் ஆகாது. அதைக் கேட்டுவிட்டு அவன் என்ன செய்வான், பாவம்.

நாங்கள் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். லீவு கேட்கும் பயிற்சி. ஒரு பிள்ளை சூப்பர்வைசர், இன்னொரு பிள்ளை தொழிலாளி, நாளைக்கு ஊரில் பாட்டிக்குப் பதினாறாம் நாள் காரியம். முதல் தடவை எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள்: தயங்கித் தயங்கி வந்து நின்று, "சார்... நாளைக்கு... வீட்ல..." என்று இழுத்து, சூப்பர்வைசர் பிள்ளை முறைத்ததும் "சரி சார் பரவால்ல" என்று திரும்பிப் போய்விடுவார்கள். அப்புறம் நிஜ வாழ்க்கையில் என்ன செய்வார்கள்? சொல்லாமலே லீவு போடுவார்கள், அதுதான் நடக்கும். அதனால் நிறுத்தி, மூன்றே வாக்கியம் சொல்லச் சொல்வோம். எந்த நாள், எதற்கு, என் வேலையை அன்றைக்கு யார் பார்ப்பார். "சார், வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேணும். பாட்டிக்குக் காரியம். என் மெஷினை அன்னைக்குப் பார்த்துக்கறதா செகண்ட் ஷிப்ட்ல ஒருத்தர் சொல்லியிருக்கார்." மறுபடி நடிப்பு. சூப்பர்வைசர் மறுபடி முறைப்பார், கொஞ்சம் கூடுதலாகவே, பிள்ளைகளுக்கு அந்தப் பாத்திரம் ரொம்பப் பிடிக்கும். நாலாவது தடவையில் குரல் நடுங்குவது நிற்கும். இது தமிழிலேயே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பந்தல் பையனும் அப்புறம் எங்கள் வகுப்புக்கு வந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது இதுகூட இல்லை, மொழிபெயர்ப்புதான். ஜெனரேட்டர் கதையை அவனே நாலு வரியாக எழுதினான். என்ன சிக்கல், கையில் என்ன இருந்தது, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆச்சு. "கரண்ட் போச்சு, சமாளிச்சோம்" என்பதில் 'சமாளிச்சோம்' என்ற ஒரு சொல்லைப் பிரித்து எழுத அரை மணி நேரம் ஆனது. 'சோம்' என்பதை 'சேன்' ஆக்கச் சொன்னால் ஒப்பவேயில்லை. "மாமா கோச்சுக்குவாரு சார்."

பயிற்சி கொடுத்தால் வேலை கிடைத்துவிடுமா

இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜோர்டானில் கல்லூரி முடித்த இளம்பெண்களில் ஒரு பகுதியினருக்கு 45 மணி நேர மென்திறன் பயிற்சி கொடுத்து, கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை கிடைத்தவர் எண்ணிக்கையில் சராசரியாக எந்த மாற்றமும் இல்லை. வேலையே குறைவாக இருக்கும் ஊரில் எல்லாருக்கும் நன்றாகப் பேசக் கற்றுக்கொடுத்தால் வரிசை அழகாகும், நீளம் குறையாது.

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கொஞ்சம் வேறு மாதிரி செய்தார்கள். விண்ணப்பம் எழுதுவது, நேர்காணலில் பதில் சொல்வது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்ததோடு, பிள்ளைகளின் திறனைச் சோதித்து ஒரு சான்றிதழும் கையில் கொடுத்தார்கள். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் அவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். இங்கே சமிக்ஞை என்று ஒரு சொல் வேண்டியிருக்கிறது: உள்ளே இருக்கும் திறனை, அதை நேரில் பார்க்க வழியில்லாத முதலாளிக்குக் காட்டும் அடையாளம். தெரிந்தவர் சிபாரிசு உள்ளவனுக்கு அந்தச் சிபாரிசே சமிக்ஞை. ஆளே இல்லாதவனுக்குத்தான் சான்றிதழும் நாலு வரிக் கதையும்.

மூன்றாவது நம் பக்கத்தில், பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்தது. தையல் பெண்களுக்கு அங்கேயே மென்திறன் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி 10 சதவீதத்துக்கும் மேல் கூடியது. கூலி? ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. லாபம் யாருக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்தைப் பேசிக் கேட்பதும் மென்திறன்தான், ஆனால் எந்தக் கம்பெனிப் பயிற்சியிலும் அந்தப் பாடத்தை நான் பார்த்ததில்லை.

சுருக்கமாக: பயிற்சி வேலையை உண்டாக்காது. இருக்கிற வேலைக்கும் இருக்கிற திறனுக்கும் நடுவில் உள்ள திரையை விலக்கும், வேலையில் உற்பத்தியையும் கூட்டும்.

'குடும்பப் பின்னணி' என்ற கேள்வி

ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் ஜாயின்ட்டை யார் பார்த்தாலும் ஒரே தீர்ப்புதான். 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்பதை எதை வைத்து அளப்பது? 2007-இல் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டும்தான் என்றுதான் அவர்கள் பேசினார்கள். ஆனால் நேர்காணலில் கட்டாயம் கேட்கும் கேள்வி, "உங்கள் குடும்பப் பின்னணி என்ன?" அப்பா என்ன வேலை, எந்த ஊர் என்பதை வைத்து இவனுக்கு நல்ல பண்பு இருக்கும் என்று ஊகிப்பார்களாம். மென்திறன் என்ற பெயரில் பழைய சங்கதி பின்வாசல் வழியாக வந்து உட்கார எவ்வளவு வசதி பாருங்கள். அதனால் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடத்தி, கேள்வி கேட்பவரை அப்படியே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஆட்டிட்யூட் என்று ஒரு கட்டம் இருந்தால் அதற்குப் பக்கத்தில் 'என்ன செய்ததைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்' என்று இன்னொரு கட்டம் வைக்கச் சொல்லி நாங்கள் கேட்டுப் பார்க்கிறோம். சிலர் வைத்தார்கள்.

சேர்ந்த பிறகு

பந்தல் பையனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஜெனரேட்டர் கதையைச் சொல்லியிருக்கிறான், ரசித்துக் கேட்டார்களாம். பதினோராவது நாள் வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் 'அப்ஸ்காண்டட்', அதாவது ஓடிப்போய்விட்டான் என்று எழுதிவிட்டார்கள். ரெண்டு நாள் போனை எடுக்காமல் இருந்து மூன்றாவது நாள் எடுத்தான்.

சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் வரும். ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்ததில் கையிலிருந்தது தீர்ந்துவிட்டது, மெஸ்ஸில் கடன் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் நாலு முகூர்த்தம். மாமாவோடு போனால் கையில் காசு வரும், அதை வைத்து மாதத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் தப்பே இல்லை.

"மூணு நாள் லீவு கேட்டிருக்கலாமேடா. நம்ம வகுப்புல எத்தனை தடவை செஞ்சோம்?"

"காரியத்துக்குக் கேக்கலாம் சார். காசு இல்லன்னு எப்படிக் கேக்கறது?"

கிராமப்புற இளைஞர்களுக்கான அந்த மத்தியத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சில மாதங்களுக்கு ஒரு சிறு தொகை தர விதி இருக்கிறது, இந்த இடைவெளிக்காகத்தான். அவன் அந்தத் திட்டத்தில் வந்தவன் இல்லை. இப்போது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கொஞ்சம் பணம் தனியாக வைத்திருக்கிறோம், வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு முதல் மாதச் செலவுக்குக் கொடுத்து, இரண்டாவது சம்பளத்தில் திருப்பி வாங்கிக்கொள்வோம். லீவு கேட்கும் பயிற்சியோடு முன்பணம் கேட்கும் பயிற்சியையும் சேர்த்துவிட்டோம்.

அவன் இரண்டு மாதம் கழித்து வேறொரு இடத்துக்கு இன்டர்வியூ போனான். கடைசியில் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக நம் பிள்ளைகள் இல்லை சார் என்று எழுந்துவிடும் இடம் அது. இவன் உட்கார்ந்தபடியே கேட்டானாம்: "சம்பளம் எந்தத் தேதி சார் வரும்?"